ஆயில் ஒழுகும் இடம் எது?

லாரி புறப்பட்டுப் போய்விட்டது. அது நின்ற இடத்தில் தரையில் ஒரு கறுப்பு வட்டம். உள்ளங்கை அகலம் இருக்கும். நேற்று அது இல்லை.

இதைப் பார்த்தும் பார்க்காமல் போகிறவர்கள் நிறையப் பேர். "லாரி என்றால் ஆயில் ஒழுகத்தான் செய்யும்" என்பார்கள். அது சரியான பேச்சு இல்லை. நல்ல நிலையில் உள்ள எஞ்சின் ஆயிலைக் கீழே விடாது. ஒழுகினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் ஐந்து ரூபாய் வாஷராக இருக்கலாம். எஞ்சினையே கழற்ற வேண்டிய வேலையாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் பணம்தான் போகும்.

கோலார் தங்கவயல் இயந்திரம் பழகிய ஊர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறின. 1902இல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து இந்த ஊருக்கு மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். ஆட்களை அவ்வளவு கீழே இறக்கவும் ஏற்றவும் பெரிய இயந்திரங்கள் ஓடின. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. 1964இல் தொடங்கிய பெமல் தொழிற்சாலை மட்டும் இன்றும் இங்கே புல்டோசர் செய்கிறது. சுரங்க வேலை போன பிறகு தினமும் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். லாரி, டெம்போ ஓட்டிப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கடன் வாங்கி வண்டி எடுத்தவருக்கு எஞ்சின்தான் சோறு. எஞ்சின் நின்றால் தவணை நிற்காது.

ஆயிலுக்கு என்ன வேலை?

எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் உரசுகின்றன. நிமிடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் சுற்று சுற்றுகின்றன. இடையில் ஆயில் இல்லை என்றால் சூடேறி ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளும். மெல்லிய ஆயில் படலம் ஒன்று நடுவில் இருப்பதால்தான் அவை தொடாமல் சுற்றுகின்றன. தலைமுடியைவிட மெல்லிய படலம் அது.

எஞ்சினின் அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. அதைச் சேம்பர் என்பார்கள். சம்ப் என்றும் சொல்வார்கள். பல லாரி எஞ்சின்களில் அதில் பத்து லிட்டருக்கு மேல் ஆயில் பிடிக்கும். ஆயில் பம்பு அங்கிருந்து ஆயிலை உறிஞ்சி ஃபில்டருக்குத் தள்ளுகிறது. ஃபில்டரில் அழுக்கு தங்கிவிடும். சுத்தமான ஆயில் துளைகள் வழியாகக் கிராங்க் பேரிங்குகளுக்குப் போகிறது. அங்கிருந்து மேலே ராக்கர் வரைக்கும் ஏறுகிறது. வேலை முடிந்ததும் வழிந்து மறுபடியும் சேம்பருக்கு வருகிறது. மனிதன் உடம்பில் ரத்தம் சுற்றுவது போலத்தான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பம்பிலிருந்து பேரிங் வரைக்கும் ஆயில் அழுத்தத்தோடு போகிறது. திரும்பி வரும்போது அழுத்தம் இல்லை, சும்மா வழிந்து வருகிறது. அழுத்தம் உள்ள இடத்தில் ஓட்டை விழுந்தால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். சில நிமிடங்களில் சேம்பர் காலியாகலாம். அழுத்தம் இல்லாத இடத்தில் ஓட்டை என்றால் மெதுவாகக் கசியும். இரண்டும் ஒழுக்குதான். ஆனால் ஆபத்து வேறு வேறு.

ஆயில் அழுத்தம் குறைந்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும், அல்லது கேஜ் முள் கீழே விழும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். "முல்பாகல் வரைக்கும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்தால் பேரிங் உருகிவிடும். கிராங்கில் கோடு விழும். பிறகு செலவு ஆயிரத்தில் நிற்காது.

சொட்டுக் கணக்கு

பத்து விநாடிக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 6 சொட்டு. மணிக்கு 360 சொட்டு. எஞ்சின் 24 மணி நேரம் ஓடினால் 8,640 சொட்டு. ஏறத்தாழ 25 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர். 8,640ஐ 25ஆல் வகுத்தால் 345 மில்லி லிட்டர் வருகிறது. அதாவது ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு. இப்படி முப்பது நாள் ஓடினால் பத்து லிட்டர்.

ஒரு சேம்பர் ஆயில் சொட்டுச் சொட்டாகவே போய்விடுகிறது. ஆயிலின் விலை மட்டும் இல்லை. சூடான சைலன்சர் குழாயில் ஆயில் விழுந்தால் தீப்பிடிக்கும். கிளட்ச் தட்டில் பட்டால் கிளட்ச் வழுக்கும். ரப்பர் குழாயில் பட்டால் அது ஊறிப்போகும். ரோட்டில் விழுந்தால் பின்னால் வரும் சைக்கிள்காரரும் ஸ்கூட்டர்காரரும் சறுக்கி விழுவார்கள்.

முதலில் அது என்ன?

வண்டிக்குக் கீழே விழுவதெல்லாம் எஞ்சின் ஆயில் இல்லை. ஒரு பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்து, ராத்திரி எஞ்சினுக்குக் கீழே விரித்து வைக்க வேண்டும். அட்டை பறக்காமல் கல் வைக்கலாம். காலையில் அட்டை எல்லாம் சொல்லும். எந்த இடத்தில் விழுந்தது, எவ்வளவு விழுந்தது, என்ன நிறம் என்பது அதில் தெரியும்.

விரலால் தொட்டு முகர்ந்து பார்க்கலாம். எஞ்சின் ஆயில் கறுப்பாக இருக்கும், வழவழப்பாக இருக்கும். டீசல் தண்ணீர் மாதிரி மெல்லிசு. அதன் வாசனை யாருக்கும் தெரியும். கியர் ஆயில் கெட்டியானது. அதில் கந்தக நாற்றம் அடிக்கும். பவர் ஸ்டியரிங் ஆயில் பல வண்டிகளில் சிவப்பு. பச்சையாகவோ ஆரஞ்சாகவோ வழுக்கலாக இருந்தால் அது ரேடியேட்டர் நீர். ரேடியேட்டர் நீர் விஷம். வாயில் வைத்து ருசி பார்க்கக் கூடாது. நாயோ பூனையோ நக்கவும் விடக் கூடாது.

அடுத்து ஆயில் அளவு பார்க்கும் கம்பி. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் ஆகட்டும். கம்பியை உருவித் துடைத்து, மறுபடியும் முழுக்கச் செருகி எடுக்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆயில் இருந்தால் சரி. இதைத் தினமும் பார்த்து ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பது நல்லது. தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயில். எழுதிய நோட்டு பத்து நாளில் உண்மையைச் சொல்லிவிடும். ஞாபகம் அப்படிச் சொல்லாது.

அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்படக் கூடாது. ஊற்றாமல் ஆயில் ஏறாது. டீசல் உள்ளே கலந்திருக்கிறது, அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது. டீசல் கலந்தால் ஆயில் இளகி டீசல் வாசனை வரும். தண்ணீர் கலந்தால் பால் விட்ட காபி நிறம் வரும். இரண்டிலும் வண்டியை எடுக்கவே கூடாது.

அளவு குறைகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை என்றால், ஆயில் உள்ளே எரிகிறது. சைலன்சரில் நீலப் புகை வரும். அது ஒழுக்கு இல்லை, வேறு நோய்.

கீழே சொட்டும், மேலே கசியும்

ஆயில் ஒழுக்கைத் தேடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, சொட்டும் இடத்தையே ஓட்டை என்று நினைப்பது. ஓட்டு வீட்டில் மழை ஒழுகும்போது என்ன நடக்கிறது? பாத்திரம் வைத்த இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்காது. தண்ணீர் வேறு இடத்தில் நுழையும். கட்டை வழியாக ஓடி வந்து இங்கே சொட்டும். எஞ்சினிலும் அதே கதைதான். மேலே கசிந்த ஆயில் சுவர் வழியாக இறங்கும். வண்டி ஓடும்போது விசிறிக் காற்றும் எதிர்க்காற்றும் அதைப் பின்னால் தள்ளும். ஆகவே முன்பக்கம் கசிந்தது நடுவில் சொட்டும். நடுவில் கசிந்தது பின்னால் சொட்டும்.

அதனால் தேடும் முறை இதுதான். நனைந்த இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறது? எது மிக முன்னால் இருக்கிறது? அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆனால் பழைய எஞ்சினில் எல்லா இடமும் நனைந்திருக்கும். தங்கவயல் பக்கம் இது இன்னும் மோசம். சயனைடு மேடுகளிலிருந்து காற்றடிக்கும் காலத்தில் நைஸான தூசு பறக்கிறது. அந்தத் தூசு ஆயிலோடு சேர்ந்து எஞ்சின்மேல் அடை போலக் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அடைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஆகவே முதல் வேலை கழுவுவது. இதை விட்டுவிட்டுத் தேடுவது இருட்டில் ஊசி தேடுவது போல.

எஞ்சின் ஆறிய பிறகு அடையைத் தகரத் துண்டால் சுரண்டி எடுக்க வேண்டும். பிரஷ்ஷை டீசலில் நனைத்துத் தேய்க்க வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. பெட்ரோலால் கழுவவே கூடாது. செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், ஒயர் இணைப்புகள் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்ட வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் சென்சார்களும் கணினிப் பெட்டியும் உண்டு. அவற்றின்மேல் அழுத்தத் தண்ணீர் அடித்தால், ஒழுக்கைத் தேடப் போய் வேறு செலவு வந்து சேரும். கழுவிய பிறகு பனியன் வேஸ்ட்டால் துடைத்து, காற்றடித்து நன்றாக உலர்த்த வேண்டும்.

பிறகு ஒரு எளிய வழி. முகத்துக்குப் போடும் பவுடரைச் சந்தேகமான இடங்களில் தூவ வேண்டும். டேப்பட் கவர் ஓரம், ஃபில்டர் அடி, ஆயில் குழாய் இணைப்புகள், முன்பக்கத் தகடு என்று தூவலாம். வெள்ளைச் சுண்ணாம்புக்கட்டிப் பொடியும் போதும். எஞ்சினை ஓட விட்டுச் சூடேற்ற வேண்டும். ஆயில் குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக இருந்து கசியாது. சூடானால் இளகிக் கசியத் தொடங்கும். டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பொடியில் எங்கே முதலில் ஈரக்கோடு விழுகிறதோ அதுதான் இடம். முதல் கோடுதான் முக்கியம். கால் மணி கழித்துப் பார்த்தால் எல்லாம் கலந்துவிடும்.

பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் ஆயிலில் ஒரு சாயம் கலந்து நீல விளக்கு அடித்துப் பார்க்கிறார்கள். ஒழுகும் இடம் பளிச்சென்று மின்னும். அதுவும் நல்ல முறைதான். பவுடர் முறைக்குப் பத்து ரூபாய் போதும்.

ஓடும் எஞ்சின் பக்கத்தில் பார்க்கும்போது சட்டைக் கை, துண்டு, வேட்டி எதுவும் தொங்கக் கூடாது. விசிறியும் பெல்ட்டும் இழுத்துவிடும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடக் கூடாது. புகை ஆளைக் கொல்லும். வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால் எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். கேபின் தூக்கும் வண்டியானால் கேபினுக்குப் பூட்டுக் கம்பி போட வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போனவர்கள் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள்.

கியர் பாக்ஸ் இறக்க வேண்டுமா?

ஒரு லாரியை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். கோலார் சந்தையில் தக்காளி ஏற்றிச் சென்னைக்குப் போகும் வண்டி. தக்காளி காத்திருக்காது. ஒரு நாள் தாமதமானால் அடியில் உள்ள பெட்டிகள் அழுகிவிடும். அந்த வண்டியில் எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது. அந்த இடத்தில் ஃபிளைவீல் இருக்கிறது. அதை மூடிய கூட்டின் அடியில் ஒரு சிறிய துளை உண்டு. அந்தத் துளையில் சொட்டினால், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

சீல் விலை சில நூறு ரூபாய். ஆனால் அதை மாற்றக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். கிளட்சைக் கழற்ற வேண்டும். ஃபிளைவீலைக் கழற்ற வேண்டும். இரண்டு நாள் வேலை. கூலி, வண்டி நின்ற நாள் நஷ்டம் எல்லாம் சேரும்.

டிரைவர் கேட்கிறார்: "அண்ணே, இறக்கித்தான் ஆகணுமா?"

நல்ல மெக்கானிக் உடனே "ஆமாம்" சொல்ல மாட்டார். "முதல்ல கழுவலாம் தம்பி. கழுவிட்டுப் பேசலாம்" என்பார். முதலில் துளையில் சொட்டுவதை முகர்ந்து பார்ப்பார். கியர் ஆயில் நாற்றம் அடித்தால் ஒழுக்கு எஞ்சினில் இல்லை, கியர் பாக்ஸின் முன் சீலில் இருக்கிறது. கறுப்பாக எஞ்சின் ஆயில் வாசனை அடித்தால் மேலே போவார். எஞ்சினின் பின் சுவரைத் தடவிப் பார்ப்பார். பின் சுவர் மேலிருந்து கீழ் வரைக்கும் நனைந்திருக்கிறதா, அல்லது காய்ந்திருக்கிறதா?

நனைந்திருந்தால் ஒழுக்கு மேலேதான். பெரும்பாலும் டேப்பட் கவரின் பின் மூலை. அங்கே பேக்கிங் காய்ந்து வெடித்திருக்கும். ஆயில் பின் சுவர் வழியாக இறங்கிக் கூட்டின் ஓரத்தில் நுழைந்து துளையில் சொட்டும். இதற்குக் கியர் பாக்ஸ் இறக்க வேண்டியதில்லை. ஒரு பேக்கிங், ஒரு மணி நேர வேலை. அன்று ராத்திரியே வண்டி லோடு ஏற்றலாம்.

பின் சுவர் சுத்தமாகக் காய்ந்திருந்து, துளையில் மட்டும் எஞ்சின் ஆயில் சொட்டினால், அப்போது சீலைச் சந்தேகப்படலாம். அப்போதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அது பிரீதரைப் பார்ப்பது.

எஞ்சினுக்கும் மூச்சு உண்டு

இந்தப் பகுதியைப் பல மெக்கானிக்குகளே மறந்துவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் என்ற பொறியாளர் 1897இல் இந்த எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். காற்றை மிகவும் இறுக்கினால் அது சூடாகும். அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். சைக்கிள் பம்பு அடிக்கும்போது பம்பின் அடி சுடுவது எல்லோருக்கும் தெரியும். அதே விஷயம்தான், பல மடங்கு பெரிதாக.

இவ்வளவு இறுக்கமும் வெடிப்பும் பிஸ்டனுக்கு மேலே நடக்கின்றன. பிஸ்டனைச் சுற்றி ரிங்குகள் உள்ளன. அவை அழுத்தத்தைக் கீழே விடாமல் தடுக்கின்றன. ஆனால் எந்த ரிங்கும் முழுக்கத் தடுக்காது. கொஞ்சம் புகை கீழே சேம்பர் பக்கம் இறங்கிவிடும். அந்தப் புகை வெளியேற ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதுதான் பிரீதர், அதாவது எஞ்சினின் மூச்சுக்குழாய்.

பிரீதர் தூசாலும் ஆயில் பிசினாலும் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? புகை போக வழி இல்லை. உள்ளே அழுத்தம் ஏறும். அது எல்லாப் பேக்கிங்கையும் எல்லாச் சீலையும் உள்ளிருந்து வெளியே தள்ளும். எங்கே கொஞ்சம் பலவீனமோ அங்கே ஆயில் வெளியே வரும். புதுச் சீல் போட்டாலும் அதே கதைதான். ஒரு வாரத்தில் வேறு இடத்தில் ஒழுகும். "சீல் டூப்ளிகேட்" என்று கடைக்காரரோடு சண்டை போடுவார்கள். சீல் மேல் குற்றம் இருக்காது.

ஆகவே ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் கசிந்தால், நாலைந்து சீலையும் மாற்றுவதற்கு முன்னால் பிரீதரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். டீசலில் கழுவிக் காற்றடித்து மாட்ட வேண்டும். குழாய் எங்காவது மடங்கி நசுங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். செலவு ஒன்றும் இல்லை. புது வண்டிகளில் இந்தப் புகை வெளியே போகாமல் ஒரு பிரிப்பான் வழியாக மறுபடியும் எஞ்சினுக்குள்ளேயே போகிறது. அந்தப் பிரிப்பானில் ஃபில்டர் இருந்தால், குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

பிரீதர் சுத்தமாக இருந்தும் அதில் புகை குபுகுபு என்று வந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். இதற்கு ஒரு சோதனை உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்தத் துளைமேல் மூடியைத் தலைகீழாக வைக்க வேண்டும். மூடி லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளிக் கீழே விழுந்தால் ரிங், லைனர் வேலை நெருங்கிவிட்டது என்று பொருள். அந்த வண்டிக்கு ஆயில் சீல் போடுவது, காய்ச்சல்காரருக்கு நெற்றியில் பற்றுப் போடுவது மாதிரி.

இன்னொரு காரணமும் இருக்கிறது. "கூட ஊற்றினால் நல்லது" என்று மேல்கோட்டுக்கு மேலே ஆயில் ஊற்றுகிறார்கள். கிராங்க் சுற்றும்போது ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரை சீல்கள் வழியாகவும் பிரீதர் வழியாகவும் வெளியே வரும். ஒழுகுகிறது என்று இன்னும் ஊற்றுவார்கள். இன்னும் ஒழுகும்.

பேக்கிங் மாற்றும்போது

டேப்பட் கவர் பேக்கிங் பழைய வண்டிகளில் தக்கையால் ஆனது. புதியவற்றில் ரப்பர். கவரைக் கழற்றும் முன் சுற்றிலும் துடைக்க வேண்டும். இல்லை என்றால் மண் உள்ளே விழும். ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைச் சிறிதும் விடாமல் எடுக்க வேண்டும். மிகப் பழைய எஞ்சின்களின் சில பேக்கிங்குகளில் கல்நார் இருக்கும். அதை உலர்ந்தபடி தேய்த்துப் பொடியாக்கக் கூடாது. அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். ஆயிலால் நனைத்துச் சுரண்ட வேண்டும்.

தகரக் கவரானால் போல்ட் துளைகள் பக்கத்தில் வளைந்திருக்கிறதா என்று சமமான கண்ணாடிமேல் வைத்துப் பார்க்கலாம். வளைவு இருந்தால் எந்தப் பேக்கிங்கும் நிற்காது. மரக்கட்டை வைத்துத் தட்டி நேராக்க வேண்டும்.

போல்ட்டுகளை ஒரே மூச்சில் முறுக்கக் கூடாது. நடுவில் தொடங்கி, எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். "இன்னும் ஒரு இறுக்கு" என்று பலம் காட்டுகிறவர்கள்தான் தக்கையைப் பிதுக்கி வெளியே தள்ளுகிறார்கள். ஒழுக்கை நிறுத்தப் போய் ஒழுக்கை உண்டாக்குகிறார்கள். பசை தடவினால் சிலந்தி நூல் போல மெல்லிசாகத் தடவினால் போதும். அதிகப் பசை உள்ளே பிதுங்கி உடைந்து விழும். அது ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தால் எஞ்சின் போய்விடும். ஈரமான ஒழுக்கின்மேல் வெளியிலிருந்து பசையை அப்புவதும் வீண்தான். ஆயில் உள்ள இடத்தில் எதுவும் ஒட்டாது.

ஆயில் குழாய் இணைப்புகளிலும், சேம்பரின் அடிப் போல்ட்டிலும் செம்பு வாஷர் இருக்கும். ஒரு முறை இறுகிய செம்பு கெட்டியாகிவிடும். மறுபடியும் போட்டால் சரியாக உட்காராது. புதியது போடுவதே நல்லது. வழியில் கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தால் செம்பு இளகிவிடும். இந்தக் கைவேலை பழைய மெக்கானிக்குகளுக்குத் தெரியும். எஞ்சின் பக்கத்தில் வைத்துக் காய்ச்சக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

திருகும் ஃபில்டரானால் அதன் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் புது ஆயில் தடவ வேண்டும். பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். வளையத்தின்மேல் வளையம் உட்கார்ந்தால், கிளப்பியதும் ஆயில் பீய்ச்சும். அது அழுத்தம் உள்ள இடம்.

கிராங்க் சீல்தான் என்று முடிவானால் சீலை மட்டும் மாற்றிவிட்டு மூடக் கூடாது. சீலின் உதடு உரசி உரசிக் கிராங்கில் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் குறுக்கே இழுத்தால் தட்டுப்படும். பள்ளத்தின்மேலேயே புதுச் சீல் உட்கார்ந்தால் சீக்கிரமே ஒழுகும். மெல்லிய வளையம் ஒன்றை ஏற்றிப் பள்ளத்தை மூடலாம். கூட்டில் இடம் இருந்தால் சீலைச் சிறிது தள்ளியும் உட்கார வைக்கலாம். உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். கிளட்ச் தட்டு ஆயிலில் ஊறியிருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிட வேண்டும். அதற்காக இன்னொரு முறை கியர் பாக்ஸ் இறக்குவதைவிட அது மலிவு.

வேலை முடிந்ததும் எஞ்சினை மறுபடியும் துடைத்து, அடியில் புது அட்டை விரித்து, அரை மணி ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு லோடு இல்லாமல் ஒரு சுற்று. பிறகுதான் லோடு.

கழற்றிய ஆயில்

வேலை பார்க்கும்போது கறுப்பு ஆயில் மிஞ்சும். அதைச் சாக்கடையில் ஊற்றுகிறவர்கள் உண்டு. புழுதி அடங்கும் என்று மண்ணில் தெளிக்கிறவர்களும் உண்டு. ஒரு லிட்டர் ஆயில் லட்சக்கணக்கான லிட்டர் நீரைக் கெடுக்கும். தங்கவயலுக்குத் தண்ணீர் சும்மா வரவில்லை. பாலாற்றில் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவந்த ஊர் இது. சுரங்கக் கழிவு மேடுகளின் தூசை இன்றுவரை சுவாசிக்கும் ஊரும் இதுதான். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய ஆயில் ஆபத்தான கழிவு. அதை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வைத்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் போகும்படி கொடுக்க வேண்டும். பெரிய ஒர்க்‌ஷாப்புகளும் டீலர்களும் வாங்கிக்கொள்கிறார்கள். அதற்குக் காசும் கிடைக்கும்.

பழைய ஆயில் தோலில் நெடுநாள் பட்டால் தோல் நோய் வரும். புற்றுநோய்க்கும் அது காரணமாகலாம். ஆயில் ஊறிய துணியைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டு திரிவது மெக்கானிக் பையன்களின் வழக்கம். அந்தத் துணியைப் பையில் வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். டீசலால் கழுவினால் அழுக்குப் போகும், தோலும் வெடிக்கும். சாப்பிட உட்காரும் முன் நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவ வேண்டும்.